போர்த்துகீசியத்தின் ‘வோஸ்’ வினைகள்: வழக்கொழிந்த முன்னிலைப் பன்மையைப் படிக்கத்தான் வேண்டுமா?

மணல்மேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 16ஆம் நூற்றாண்டு முத்துக்குளித்துறையைப் பற்றிய ஆவணங்களை மூலமொழியிலேயே வாசிக்க வேண்டும் என்பதற்காகப் போர்த்துகீசியம் கற்று வருகிறேன். எங்கள் இணையவழி வகுப்பை நடத்துபவர் பிரேசில்காரர். வினைத்திரிபு அட்டவணையில் ஆறு வரிசைகள் இருக்கின்றன. ஐந்தாவதான ‘வோஸ்’ வரிசை வந்ததும், இப்படி இப்போது யாரும் பேசுவதில்லை என்று சொல்லி அதைத் தாண்டிவிடுகிறார். பேச்சுக்காகக் கற்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் 1544இல் பிரான்சிஸ் சவேரியார் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களைத் திறந்தால், வகுப்பில் தாண்டிய அந்த வரிசைதான் முதலில் எதிர்ப்படுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். இலக்கண நூல் ‘வோஸ்’ என்பதை முன்னிலைப் பன்மை என்கிறது, மன்சிலாசோ ஒருவர். அப்படியானால் இது பன்மையா, மரியாதையா? இவ்வளவு பரவலாக வழங்கிய ஒரு வடிவம் பேச்சிலிருந்து எப்படி மறைந்தது? பழைய ஏடுகளை வாசிக்க மட்டுமே விரும்பும் ஒருவர் இதில் எவ்வளவு கற்றால் போதும்?

ஒரு வேண்டுகோள்: இந்த மன்றத்தில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம் என்பதால், போர்த்துகீசியச் சொற்களை உச்சரிப்பை விட எழுத்துக்கூட்டை ஒட்டியே எழுதுவோம். லிஸ்பனில் ஒரு மாதிரியும் ரியோவில் ஒரு மாதிரியும் ஒலிப்பதைப் பற்றி இங்கே வாதம் வேண்டாம்.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

மணல்மேடு அவர்களுக்கு, முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ‘வோஸ்’ செவ்வியல் லத்தீனில் பன்மை மட்டுமே. இடைக்காலத்தில் ஒருவரை மதித்து அழைக்கவும் அதே பன்மை பயன்பட்டது. போர்த்துகீசியத்தின் மிகப் பழைய பாடல்களிலேயே இந்த இரண்டு பயன்பாடுகளும் தோளோடு தோள் நிற்கின்றன. 1279 முதல் 1325 வரை ஆண்ட தினிஸ் அரசர் இயற்றிய பாட்டு ஒன்றில், காதலனைப் பிரிந்த பெண் பைன் மரத்துப் பூக்களைப் பார்த்து, அவனைப் பற்றிய செய்தி ஏதும் அறிவீர்களா என்று கேட்கிறாள். ‘ஸெ ஸபேதெஸ் நோவாஸ்’ என்பது அவள் சொல்வது. பூக்கள் பல என்பதால் அது பன்மை. மறுமொழி வரும்போது, அந்த ஒரே பெண்ணை நோக்கி ‘வோஸ் மெ ப்ரெகுன்த்தாதெஸ்’ என்று வருகிறது. நீர் என்னைக் கேட்கிறீர் என்பது பொருள். வினையின் விகுதி மாறவில்லை. அழைக்கப்படுபவர் பலரா ஒருவரா என்பதைச் சூழல்தான் சொல்கிறது. ஆகவே ‘பன்மையா, மரியாதையா’ என்று கேட்டால், இரண்டும் என்பதே விடை.

இப்போது விகுதியைக் கவனியுங்கள். அந்தப் பாட்டில் வரும் ‘ஸபேதெஸ்’ இன்றைய அட்டவணையில் ‘ஸபேயிஸ்’ என்று இருக்கிறது. லத்தீனின் ‘அமாத்திஸ்’ என்பதில் இருந்த வல்லொலி இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்து ‘அமாதெஸ்’ ஆனது. 15ஆம் நூற்றாண்டில் அந்த மெலிந்த ஒலியும் உதிர்ந்து, ‘அமாயிஸ்’ என்று சுருங்கியது. ‘ஃபஸேதெஸ்’ அதே வழியில் ‘ஃபஸேயிஸ்’ ஆயிற்று. ‘பர்த்தீதெஸ்’ என்பது ‘பர்த்தீஸ்’ ஆயிற்று. எனவே ஒரு கையெழுத்துப் படியில் ‘-தெஸ்’ மிகுதியாக வந்தால் அது பழையது என்றும் ‘-யிஸ்’ வந்தால் பிந்தையது என்றும் தோராயமாகக் கொள்ளலாம். தோராயமாகத்தான், ஏனென்றால் எல்லா இடத்திலும் அந்த ஒலி உதிரவில்லை.

உதிராத இடங்களைத்தான் மனத்தில் பதிக்க வேண்டும். முன்னால் மூக்கொலி இருந்தால் அது நிலைத்தது: தெந்தெஸ், விந்தெஸ், போந்தெஸ். முன்னால் ‘ர்’ இருந்தாலும் நிலைத்தது: எதிர்கால ஐயநிலையில் (‘நீர் செய்தால்’, ‘செய்யும்போது’ என்பது போன்ற பொருளில்) வரும் ‘ஃபிஸேர்தெஸ்’, ‘அமார்தெஸ்’ போன்றவை. ஓரசை அளவே உள்ள சிறிய வினைகளிலும் நிலைத்தது: ஈதெஸ், வேதெஸ், லேதெஸ், க்ரேதெஸ். இந்த மூன்றாவது வகைக்கு நல்ல காரணம் உண்டு. ‘லேதெஸ்’ என்பதிலும் ஒலி உதிர்ந்திருந்தால் அது ஒருமையின் ‘லேஸ்’ என்பதோடு மோதியிருக்கும். இறந்தகால ‘அமாஸ்தெஸ்’, ‘ஃபிஸேஸ்தெஸ்’ ஆகியவற்றில் ‘ஸ்’ முன்னால் நின்றதால் வல்லொலி மெலியவே இல்லை. அவை லத்தீன் காலத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்திருக்கின்றன.

கடல்நூல் எழுதியது:

ஏட்டுப்பூச்சி தினிஸ் அரசரின் பாட்டிலிருந்து காட்டியதை 1572இல் வெளிவந்த ‘ஓஸ் லுஸீயாதஸ்’ காப்பியத்திலும் காட்டலாம். முதல் காண்டத்தின் 4ஆம் பாவில் கமோயென்ஸ் தேஜோ ஆற்றின் நீரணங்குகளை ‘ஏ வோஸ்’ என்று அழைத்து, ‘தெந்தெஸ்’ என்றும் ‘தாயி-மெ’ என்றும் பேசுகிறார். அணங்குகள் பலர். இரண்டு பா கழிந்து 6ஆம் பாவில் அதே ‘ஏ வோஸ்’ மீண்டும் வருகிறது. இம்முறை அழைக்கப்படுபவர் இளம் அரசர் செபஸ்தியான் ஒருவரே. 7ஆம் பாவில் அவரை ‘வோஸ், தேன்ரோ ஏ நோவோ ராமோ’ என்கிறார். இளம் புதுக்கிளையே என்பது பொருள். பெயரடைகளும் பெயரும் ஒருமையில் நிற்கின்றன, வினைகள் மட்டும் பன்மை விகுதி ஏற்கின்றன. மணல்மேடு அவர்களின் கடிதங்களிலும் இதுதான் துப்பு: பெயரடை ஒருமையில் இருந்தால் எழுதப்பட்டது ஒருவருக்கு.

சாம்பல்நாரை எழுதியது:

நான் பிரேசிலில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்த ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை. பேச்சில் ‘வோஸ்’ இங்கே அறவே இல்லை. பலரை அழைக்க ‘வொஸேஸ்’ என்பதைப் படர்க்கை வினையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலுக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் இந்த வினைகளைச் சொல்கிறார். ‘பாயி நோஸ்ஸோ, கெ எஸ்தாயிஸ் நோ ஸேவு’ என்று தொடங்கும் செபத்தில் ‘எஸ்தாயிஸ்’ என்பது ‘வோஸ்’ வினை. அதன் இறுதியில் வரும் ‘நாவோ நோஸ் தெய்ஷேயிஸ்’, ‘லிவ்ராயி-நோஸ்’ இரண்டும் அப்படியே. மரியன்னை செபத்தின் ‘ரொகாயி போர் நோஸ்’ அதே வகை. திருப்பலியில் குருவானவர் ‘தொமாயி, தோதோஸ், ஏ கொமேயி’ என்கிறார். இவற்றைச் சொல்லும் மக்களிடம் ‘ரொகாயி’ எந்த வினையின் எந்த வடிவம் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். ஆனால் பொருள் தெரியும்.

விடுதலைப் பாடல் ஒன்றும் இருக்கிறது. 1822இல் எவாரிஸ்தோ த வெய்கா எழுதியது; இசையமைத்தவர் பேரரசர் முதலாம் பெத்ரோ. அதன் முதலடி ‘ஜா பொதேயிஸ் த பாத்ரியா ஃபில்யோஸ்’ என்று தொடங்குகிறது. நாட்டின் மக்களே, இனி உங்களால் இயலும் என்பது கருத்து. ‘பொதேயிஸ்’ என்ற வடிவம் காதுக்கு அந்நியமாகிவிட்டதால், பள்ளிப் பிள்ளைகள் அதை ‘ஜப்பொனேஸ் தெங் குவாத்ரோ ஃபில்யோஸ்’ என்று பாடி விளையாடுவார்கள். ஜப்பானியருக்கு நான்கு பிள்ளைகள் என்று பொருள்! ஒரு வினைவடிவம் ஒரு மொழியில் எந்த அளவுக்கு இறந்துபோயிருக்கிறது என்பதற்கு எந்த இலக்கண நூலையும் விட இந்தக் கேலிப்பாட்டு நல்ல சான்று.

வடகரை எழுதியது:

சாம்பல்நாரை சொல்வது பிரேசிலுக்குப் பொருந்தும். ஆனால் இழையின் தலைப்பில் ‘வழக்கொழிந்த’ என்று போட்டிருப்பதை வட போர்ச்சுகலில் வாழும் என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. மின்ஹோ, த்ராஸ்-ஓஸ்-மோந்தெஸ் பகுதிகளின் சிற்றூர்களில், வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் வந்தால் ‘கெரேயிஸ் கொமேர்?’ என்று கேட்பது இன்றும் காதில் விழும் பேச்சு. ‘ஓந்தெ ஈதெஸ்?’ என்று தெருவில் கேட்பவர் இலக்கியம் பேசவில்லை. எங்கே போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார். முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே அது பலருக்கு மட்டுமே வழங்குகிறது, அதிலும் நெருக்கமானவர்களிடம். ஒருவரை மதித்து ‘வோஸ்’ என்பது இங்கும் போய்விட்டது. அதாவது ‘து’ என்ற ஒருமையின் பன்மை என்ற, லத்தீன் காலத்து வேலைக்கே அது திரும்பியிருக்கிறது.

எல்லையைத் தாண்டி ஸ்பெயினின் கலீசியாவுக்குப் போனால் இன்னும் பழையதைக் கேட்கலாம். அங்கே ‘வோஸ் கன்த்தாதெஸ்’, ‘கொமேதெஸ்’, ‘பர்த்தீதெஸ்’ என்பதே பள்ளியில் கற்பிக்கப்படும் செந்தர வடிவம். ஏட்டுப்பூச்சி 15ஆம் நூற்றாண்டில் உதிர்ந்ததாகச் சொன்ன அந்த ஒலி, மின்ஹோ ஆற்றின் மறுகரையில் உதிரவே இல்லை. தினிஸ் அரசரின் ‘ஸபேதெஸ்’ ஒரு கலீசியப் பள்ளிப் பிள்ளைக்கு அன்றாடச் சொல்.

லிஸ்பனிலும் கூட முழுமையாகச் சாகவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் முழுவதும் ‘வொஸேஸ்’ என்பதைப் படர்க்கை வினையோடு சொன்னாலும், உடைமைக்கு ‘வொஸ்ஸோ’ என்றும், ‘உங்களோடு’ என்பதற்குக் ‘கொன்வோஸ்கோ’ என்றும், ‘உங்களை’ என்பதற்கு ‘வுஸ்’ என்றும்தான் சொல்கிறார்கள். எழுவாய் ‘வொஸேஸ்’ குடும்பத்தையும் மற்ற வேற்றுமைகள் ‘வோஸ்’ குடும்பத்தையும் சேர்ந்தவை. செத்தது எழுவாயும் வினைவிகுதியும் மட்டுமே. பிரேசிலில் ‘கோம் வொஸேஸ்’ என்று சொல்லி இந்த எச்சத்தையும் களைந்துவிட்டார்கள்.

நாட்டுப்பண்ணை மறக்க வேண்டாம். 1890இல் என்றிக்கே லோபெஸ் தெ மென்தோன்ஸா எழுதிய ‘அ போர்த்துகேஸா’ பாடலில் ‘லெவன்த்தாயி ஓஜெ தெ நோவோ’ என்று வருகிறது. கால்பந்துத் திடலில் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் உரக்கச் சொல்லும் ‘லெவன்த்தாயி’ ஒரு ‘வோஸ்’ ஏவல் வினை.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

வடகரையின் திருத்தம் முறையானது. இடமும் பயனும் குறித்துப் பேசாமல் ‘வழக்கொழிந்தது’ என்று பொதுவாகச் சொல்வது பிழை. இனி இரண்டாம் கேள்வி: மற்ற இடங்களில் ஏன் மறைந்தது? சில நூல்கள் ஒலித்தேய்வைக் காரணமாகச் சொல்கின்றன. விகுதி தேய்ந்து குழப்பம் வந்ததாம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ‘அமாயிஸ்’ ‘அமாஸ்’ இரண்டும் தெளிவாக வேறுபட்டே நிற்கின்றன. ஸ்பெயினில் இதே தேய்வுக்குப் பிறகு பன்மை வடிவம் நலமாக உயிர்வாழ்கிறது.

காரணம் மரியாதை ஏணியில் இருக்கிறது. அரசருக்கும் குருவுக்கும் ‘வோஸ்’ என்று சொன்ன காலத்தில், அதே சொல்லைத் தச்சருக்கும் வணிகருக்கும் சொல்லத் தொடங்கியதும் அதன் மதிப்புச் சரிந்தது. மேலே இருப்பவர்களுக்குப் புதிய சொல் தேவைப்பட்டது. உமது அருள் என்ற பொருளில் ‘வொஸ்ஸா மெர்ஸே’, உமது உயர்வு என்ற பொருளில் ‘வொஸ்ஸா அல்தேஸா’ என்றெல்லாம் வந்தன. ‘அருள்’ என்பது ஒரு பொருள், ஆகவே படர்க்கை வினைதான் ஏற்கும். இப்படி ஒருவரை நேரில் பார்த்துப் பேசும்போதே படர்க்கை வினை பேசும் வழக்கம் நுழைந்தது. பட்டங்களுக்கான போட்டி அளவு கடந்தபோது, யாரை எப்படி அழைக்கலாம் என்று 1597இல் அரசர் பிலிப் சட்டமே பிறப்பித்தார். 1739இல் மீண்டும் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தால் எதுவும் நிற்கவில்லை. ‘வொஸ்ஸா மெர்ஸே’ எல்லோருக்கும் உரியதாகி, ‘வொஸ்ஸெமெஸே’ என்றும் ‘வொஸ்மெஸே’ என்றும் தேய்ந்து ‘வொஸே’ ஆயிற்று. அதன் பன்மையான ‘வொஸேஸ்’, ‘து’ என்பதன் பன்மையையும் விழுங்கியதோடு ‘வோஸ்’ வினைக்கு வேலையே இல்லாமல் போனது.

கடல்நூல் எழுதியது:

ஒரு தடை. 1572இல் கமோயென்ஸ் அரசரையே ‘வோஸ்’ என்கிறாரே? சொல்லின் மதிப்பு அதற்கு முன்பே சரிந்துவிட்டது என்றால், காப்பியத்தின் தொடக்கத்தில் அரசரைத் தாழ்த்தியா அழைத்தார்? ஏணிக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் அது இடறுகிறது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இடறவில்லை, செய்யுள் வழக்கும் அலுவல் வழக்கும் வேறு. அதே 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து அரசருக்கு எழுதிய கடிதங்களில் ‘வொஸ்ஸா அல்தேஸா’ என்றே வருகிறது, பெரும்பாலும் இரண்டு எழுத்துச் சுருக்கமாக. வினையும் படர்க்கையில் இருக்கிறது. செய்யுளில் கவிஞர் லத்தீன் காப்பிய மரபின் நேரடி அழைப்பை வேண்டினார். அதற்கு ‘உமது உயர்வு’ போன்ற அரண்மனைச் சொற்றொடர் யாப்பிலும் அடங்காது, தொனியிலும் பொருந்தாது. பழைய ‘வோஸ்’ செய்யுளில் தன் பெருமையை இழக்காமல் நின்றது. செபத்தில் நின்றதும் அதனால்தான். உரைநடையிலும் பேச்சிலும் தேய்ந்த ஒன்று, பாட்டிலும் பலிபீடத்திலும் தங்கியிருந்தது.

நாடக ஆசிரியர் ஜில் விசெந்தெ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார். அப்போதே பழமை தட்டியிருந்த ‘-தெஸ்’ விகுதிகளைக் கிழவிகளின் வாயிலும் பட்டிக்காட்டாரின் வாயிலும் வைத்து அரங்கில் சிரிப்பை வரவழைத்தார். ஒரே வடிவம் தினிஸ் அரசரிடம் அரசவைப் பாட்டு. இரண்டு நூற்றாண்டு கழித்து நகைச்சுவைக்கு உதவுகிறது.

ஆலமுற்றம் எழுதியது:

சாம்பல்நாரை குறிப்பிட்ட செபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் இடையே வினைவிகுதியிலேயே பிளவு இருக்கிறது. லத்தீன் மூலத்தில் கடவுளை ஒருமையில் அழைக்கிறார்கள். கத்தோலிக்கப் போர்த்துகீசிய மரபு அதை மரியாதைப் பன்மையாக்கி ‘எஸ்தாயிஸ்’, ‘வொஸ்ஸோ நோமெ’ (உமது பெயர்) என்றது. சீர்திருத்த சபையார் கையாளும் மொழிபெயர்ப்போ மூலத்தின் ஒருமையை அப்படியே வைத்து ‘எஸ்தாஸ்’, ‘தேவு நோமெ’ (உன் பெயர்) என்கிறது. ஆகவே போர்த்துகீசியம் பேசும் ஒருவர் இந்தச் செபத்தின் முதல் அடியைச் சொன்னாலே அவர் எந்தச் சபை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 1966இல் தங்கள் செபத்தைப் பன்மையிலிருந்து ஒருமைக்கு மாற்றிக்கொண்டார்கள். போர்த்துகீசியக் கத்தோலிக்கர் மாற்றவில்லை.

அந்தச் சீர்திருத்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஜொவாவோ ஃபெரேய்ரா தெ அல்மேய்தா. 1628இல் போர்ச்சுகலில் பிறந்து, டச்சு சபையில் சேர்ந்து, படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பணியாற்றியவர். இடையில் இலங்கையின் காலி நகரிலும், சில காலம் தூத்துக்குடியிலும் ஊழியம் செய்திருக்கிறார். அவருடைய புதிய ஏற்பாடு 1681இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது; அவர் 1691இல் படேவியாவில் இறந்தார். அவர் மொழிபெயர்த்த பழைய ஏற்பாட்டின் பகுதிகள் பின்னர் நம் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தன.

அல்மேய்தா கடவுளுக்கு ஒருமை வைத்தாலும் பலரை அழைக்கும் இடத்தில் ‘வோஸ்’ வினைகளைத் தயங்காமல் எழுதினார், ஏனென்றால் மூலமொழிகளில் ஒருமையும் பன்மையும் பிரிந்தே நிற்கின்றன. சீடர்களை அனுப்பும் ‘ஈதெ’ என்ற ஏவல் அப்படிப்பட்டது. பிரேசிலின் சுவிசேஷ சபைகளில் அந்த ஏவல் வினை பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ‘ஓ ஈதெ’ என்றால் நற்செய்தி பரப்பும் கட்டளை என்று பொருள். வினையின் திரிபு மறந்துபோன பின்னும் ஒரு வடிவம் மட்டும் தனிச்சொல்லாகப் பிழைத்துக்கொண்டது.

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். போர்த்துக்கேயரின் ‘வோஸ்’ எங்கே போனது என்று ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்பு) மொழியில் ‘நீ’ என்பதற்கு வழங்கும் சொல் ‘பொஸ்’. அது இந்த ‘வோஸ்’ தான், வகரம் பகரமாகியிருக்கிறது. பன்மைக்குத் தனியே ‘பொத்தூஸ்’ என்று சொல்லுவார்கள். மலாக்காவின் கிறிஸ்தாங் மொழியிலும் ஒருமைக்கு ‘பொஸ்’ என்றே வழங்குகிறது. கேப் வெர்தேயில் ‘பு’ அல்லது ‘போ’ என்பது ஒருமை. அங்கே பன்மைக்கு ‘ஐயாமார்’ என்ற பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்த ‘ஞொஸ்’ இருக்கிறது.

ஆபிரிக்கக் கரையிலிருந்து மலாக்கா வரை, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இத்தனை துறைமுகங்களில், இலக்கண நூல் பன்மை என்று சொல்லும் சொல் ஒருமையாக நிலைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. 15ஆம் 16ஆம் நூற்றாண்டுகளில் கப்பலில் வந்த மாலுமியும் படைவீரனும் வணிகனும் எதிரே நிற்கும் ஒரு மனிதரை ‘வோஸ்’ என்றே அழைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் மணல்மேடு கண்டதும் அதே வழக்குத்தான். அரசவைப் பட்டங்கள் துறைமுகப் பேச்சுக்கு எட்டவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கிரியோல் மொழிகளில் வினை ஆளுக்கேற்பத் திரிவதில்லை. ஆகவே ‘-யிஸ்’, ‘-தெஸ்’ எதுவும் எங்களிடம் வந்து சேரவில்லை. சொல் மட்டும் வந்தது. போர்ச்சுகலில் ‘வொஸ்ஸோ’வும் ‘கொன்வோஸ்கோ’வும் எஞ்சியதாக வடகரை எழுதினார், எங்களிடம் எழுவாயே எஞ்சியிருக்கிறது.

சாம்பல்நாரை எழுதியது:

வாவிக்கரையின் இடுகையைப் படித்த பிறகு இங்கே அடிக்கடி காணும் ஒரு பிழையின் காரணம் எனக்குத் தெளிவாகிறது. பிரேசிலில் கொஞ்சம் கம்பீரமாக எழுத விரும்புபவர்கள் ‘வொஸ்ஸா எக்ஸெலேன்ஸியா’ என்று தொடங்கிவிட்டு, உடைமைக்கு ‘வொஸ்ஸோ’ என்று போடுவார்கள். பட்டத்திலேயே ‘வொஸ்ஸா’ இருப்பதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் பட்டம் படர்க்கை என்பதால் ‘ஸேவு’ என்ற படர்க்கை உடைமைச் சொல்தான் வர வேண்டும். அரசு அலுவலகங்களுக்கான எழுத்துமுறைக் கையேடு இதைத் தனியே எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறது. ‘வோஸ்’ என்பதை மரியாதைச் சொல் என்று மட்டும் நினைத்து, அதோடு படர்க்கை வினையை ஒட்டி எழுதும் வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் மூன்றாம் கேள்வி மட்டும் நிற்கிறது. வாசிப்புக்கு மட்டும் என்றால் எதை முதலில் படிப்பது? நேற்று ஒரு அச்சுப் பிரதியில் ‘ஃபஸேயி-லோ’ என்றும் அடுத்த பக்கத்திலேயே ‘ஃபஸேயி-ஓ’ என்றும் பார்த்தேன். இரண்டுக்கும் ‘அதைச் செய்’ என்பதுதான் பொருளா? ஒன்று அச்சுப்பிழையா?

ஏட்டுப்பூச்சி எழுதியது:

அச்சுப்பிழை இல்லை, இரண்டும் வேறு. ஏவல் வினையை ஆக்க நிகழ்கால வடிவத்தின் இறுதி ‘ஸ்’ நீங்கும்: அமாயிஸ் என்பதிலிருந்து அமாயி, ஃபஸேயிஸ் என்பதிலிருந்து ஃபஸேயி, ஈதெஸ் என்பதிலிருந்து ஈதெ, தெந்தெஸ் என்பதிலிருந்து தெந்தெ. இதற்கு அடங்காதது ‘ஸோயிஸ்’. அதன் ஏவல் ‘ஸேதெ’. ஏவலோடு ‘ஓ’ என்ற சொல் சேரும்போது இடையில் தடை இல்லை என்பதால் ‘ஃபஸேயி-ஓ’ என்றே நிற்கும். அதைச் செய்வீராக என்பது பொருள். நிகழ்கால ‘ஃபஸேயிஸ்’ என்பதோடு ‘ஓ’ சேர்ந்தால், இறுதி ‘ஸ்’ கெட்டு, சேரும் சொல் தன் பழைய வடிவமான ‘லோ’ ஆகும். அதைச் செய்கிறீர் என்பது பொருள். ஒரு ‘ல்’ இருக்கிறதா இல்லையா என்பதில் கட்டளைக்கும் கூற்றுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. அறிக்கையையும் உத்தரவையும் மாறி மாறி எழுதும் கடிதங்களில் இதைத் தவறவிட்டால் பத்தியின் பொருளே புரண்டுவிடும்.

எதை முதலில் படிப்பது என்றால் என் தேர்வு இது. முதலில் ஏவல், ஏனென்றால் கடிதங்களில் அதுவே மிகுதி. அடுத்து நிகழ்காலமும் எதிர்கால ஐயநிலையும். ‘நீர் அதைச் செய்யும்போது’ என்பது போன்ற தொடர்கள் அறிவுரைக் கடிதங்களில் வந்துகொண்டே இருக்கும், அவற்றில் ‘-ர்தெஸ்’ என்ற முடிவு கண்ணில் பட்டதும் அடையாளம் தெரிய வேண்டும். இறந்தகால ‘-ஸ்தெஸ்’ எளிது. மற்ற காலங்களுக்குத் தனியே மனப்பாடம் தேவையில்லை. ஒருமை வடிவம் தெரிந்தால், விகுதியில் பெரும்பாலும் ‘ஏயிஸ்’ ஒலிப்பதைக் கொண்டு ஊகித்துவிடலாம்.

கடல்நூல் எழுதியது:

ஊகத்துக்கு ஒரு பொறி உண்டு. ‘அமரேயிஸ்’ என்பது எதிர்காலம். ‘அமாரெயிஸ்’ என்பது முன்னிறந்த காலம், நீர் அதற்கு முன்பே நேசித்திருந்தீர் என்ற பொருள். இன்றைய அச்சில் அழுத்தக்குறி இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டு எழுத்தர் அழுத்தக்குறியை ஒழுங்காக இடுவதில்லை. சூழலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துக்கூட்டிலும் இரண்டு பழக்கங்கள் கவனத்துக்குரியவை. அந்தக் காலத்தவர் விகுதியில் ரோமன் ‘ஐ’ எழுத்துக்குப் பதிலாக ‘வை’ எழுத்தை இடுவது மிகப் பரவலானது. அகராதியில் தேடும்போது அதை மாற்றிப் பார்க்க வேண்டும். ‘யூ’வும் ‘வி’யும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும் என்பதால் ‘வோஸ்’ என்பதே சில படிகளில் ‘யூ’ எழுத்தில் தொடங்கும். முதலில் பார்ப்பவருக்கு அது வேறு சொல்லாகத் தெரியும்.

வடகரை எழுதியது:

கடைசியாக ஒரு குறிப்பு. இறந்தகாலத்தின் ‘-ஸ்தெஸ்’ எங்கு வந்தாலும் ‘வோஸ்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குறிப்பாகப் பிற்காலத்து எளிய மனிதர்களின் கடிதங்களில். ‘து ஃபிஸேஸ்தெ’ என்பதே ஒருமையின் செந்தர வடிவம். ஆனால் மற்றக் காலங்களில் ஒருமை வினை ‘ஸ்’ என்று முடிவதால், பேச்சில் இதிலும் ஒரு ‘ஸ்’ ஒட்டி ‘து ஃபிஸேஸ்தெஸ்’ என்பார்கள். போர்ச்சுகலில் ஆசிரியர்கள் இன்றும் சிவப்பு மையால் அடிக்கும் பிழை இது. பார்வைக்கு ‘வோஸ்’ வடிவம் போலவே இருக்கும். அதே கடிதத்தின் நிகழ்கால வினைகளையும் உடைமைச் சொல்லையும் பாருங்கள். ‘தேவு’ என்று இருந்தால் எழுதியவர் ஒருமையில்தான் பேசுகிறார்.

மணல்மேடு எழுதியது:

அந்த இரண்டு பக்கங்களையும் மீண்டும் எடுத்து வாசித்தேன். ‘லோ’ வந்த இடத்தில் எழுதியவர் எதிராளியின் பணியைப் பாராட்டுகிறார். ‘ஓ’ வந்த இடத்தில் புதிய பணியைக் கொடுக்கிறார். இரண்டையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டிருந்தால், செய்து முடித்த வேலையையே மறுபடி செய்யச் சொல்வதாகத் தோன்றியிருக்கும். அடுத்து எதிர்கால ஐயநிலையைப் படிக்கிறேன். பயிற்சிக்கு ஏற்ற சிறிய கடிதங்கள் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே குறிப்பிடுங்கள்.